இடப்பக்கத்து முன் சில்லு

இதைக் கட்டுக்கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் தாராளமாகப் படிக்கட்டும். எனக்கு அவர்களோடு வழக்கில்லை. ஆனால் இது கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜுக்குள் உண்மையாகவே நடந்தது. எனக்கல்ல, அந்தக் கராஜின் மெக்கானிக் ஸ்ரனிஸ்லாஸ் பாஸுக்கு. அந்த மனிதர் வாயைத் திறந்தால் காரைப் பற்றித்தான் பேசுவார். பேய் பிசாசு என்று யாராவது தொடங்கினால், "வேலைவெட்டி இல்லாத கதை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் இதை என்னிடம் சொல்லும்போது தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. வெளியே போன பிள்ளை வீடு திரும்பும் வரைக்கும் தாய்மாருக்குச் சோறு இறங்காத காலம். அதற்காகக் கல்யாணங்கள் நின்றுவிடுமா? பாஸின் ஒரே மகள் மெற்றில்டாவுக்கு, இது நடந்ததற்கு மறுநாள் காலை கல்யாணம். கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையே ஓட்ட, தான் பக்கத்தில் இருந்து, வெள்ளவத்தை மண்டபத்துக்கு ஒரு திறந்த ஸ்போர்ட்ஸ் காரில் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. செல்லப் பிள்ளை கேட்டால் தகப்பன் மறுப்பாரா?

மருதானையில் பழைய வாகனச் சாமான் விற்கும் மக்கீனிடம் அப்படி ஒன்று இருந்தது. சிவப்பு நிறம், இரண்டே ஆசனம். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் பல வருடம் பூட்டிக் கிடந்ததை அண்மையில்தான் வாங்கியிருந்தார். "ஓடப் பண்ணித் தாங்க பாஸ். கலியாணத்துக்கு நீங்களே எடுத்துக்கோங்க" என்று கட்டியிழுத்துக் கொண்டுவந்து விட்டுப்போனார்.

கிழட்டுக் கார் என்றால் ஒயில் ஒழுகாமல் இருக்குமா? கார் வந்த அன்றே அடியில் பழைய பேப்பரை விரித்து, சொட்டு எங்கெங்கே விழுகிறது என்று பார்த்தார். எஞ்சினுக்குக் கீழே பெரிய கறை. அதைப் பிரித்து அடைத்தார். இடப்பக்க முன் சில்லுக்கு, அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கறை இருந்தது. எஞ்சின் ஒயில்தான் வழிந்து வந்திருக்கும் என்று விட்டுவிட்டார். எஞ்சின் பாடத் தொடங்கியது.

மிச்சம் இருந்தது முன் சில்லுகள். இரண்டும் ஆடின. வலதைத் தனியாக இறுக்கியதுமே ஆட்டம் நின்றுவிட்டது. இடது அதைவிடப் பெரிதாக ஆடியது.

இதற்கு இன்னோர் ஆள் வேண்டும். சில்லை ஜக்கில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெயாரிங் தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் போதும். மிதித்தும் ஆடினால் கிங்பின் போய்விட்டது. சில்லைத் தாங்குகிற ஆணியே அதுதான். அது போனால் சில்லு நடுவீதியில் கழன்று ஓடும்.

பாஸிடம் வேலை செய்கிற இராமரை அன்று காலை பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரும் மலைநாட்டு ஹட்டன் விலாசமும் இருந்தது போதாதா? பாஸ் பொலிசுக்குப் போய்க் கதைத்துவிட்டு வந்தார். பின்னேரம் விடுவதாகச் சொன்னார்கள்.

பின்னேரம் மழை பிடித்தது. கராஜ் கூரை ஒழுகும். பாஸ் ஆசனங்களுக்கு மேல் கன்வஸ் துணியைப் போர்த்தி, சுற்றிவரப் பொத்தானை அழுத்திவிட்டு, காரை ஜக்கில் ஏற்றினார். தரையில் சாக்கைப் போட்டு, சில்லுக்கு முன்னால் குந்தினார்.

ஆட்டிப் பார்த்தார். டொக்... டொக்... நல்ல ஆட்டம்.

அப்போது ஆசனத்து ஸ்பிரிங் கிறீச்சிட்டது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி.

"இராமர்! விட்டிட்டாங்களே? நல்லதாப் போச்சு. பிரேக்கைப் பிடி."

சில்லு நின்றது. அசையவில்லை.

"விடு."

டொக்... டொக்...

"பிடி."

நின்றது. பாஸுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பெயாரிங்தான்! மகள் ஆசைப்பட்டபடி போவாள். "மாதாவே" என்று வாய்விட்டுச் சொன்னார்.

சில்லைக் கழற்றினார். நட்டை இறுக்கினார். மறுபடி பூட்டினார். பொலிசில் அடித்தார்களா, சாப்பிடக் கொடுத்தார்களா என்று கேட்டுக்கொண்டே வேலை செய்தார். இராமர் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. பாவம், பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்தார்.

பூட்டிய சில்லை ஆட்டினார். துளியும் ஆட்டமில்லை. நிலத்தில் நட்ட கல் மாதிரி நின்றது.

அளவுக்கு மிஞ்சிய இறுக்கம். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இன்னும் மிதிச்சுக்கொண்டே இருக்கிறாய்? விடு, விடு."

சில்லு தளர்ந்தது. ஆனால் பிரேக் விடுகிற மாதிரி ஒரேயடியாக அல்ல... மெதுவாக... கொஞ்சம் கொஞ்சமாக...

ஆட்டினார்.

டொக்... டொக்...

முன்பிருந்த அதே ஆட்டம். நட்டை இவ்வளவு இறுக்கிய பிறகு எப்படி ஆடும்?

"இராமர், இறங்கி வா."

மழைச் சத்தம் மட்டும்.

எழுந்து பார்த்தார்.

கன்வஸ் துணி போர்த்தபடியே இருந்தது. ஒரு பொத்தான்கூடக் கழன்றிருக்கவில்லை. மேலே மழைத்தண்ணீர் சின்னக் குளமாகத் தேங்கி நின்றது. ஆள் உட்கார்ந்திருந்தால் அது நிற்குமா?

பாஸ் பின்னுக்குப் போனார். சுவரோடு சாய்ந்து நின்றார்.

கேற்றில் தட்டும் சத்தம் கேட்டது. நனைந்து தோய்ந்து இராமர் நின்றான்.

"இப்பதாங்க பாஸ் விட்டானுக. நேரா இங்கதான் வர்றேன். ஏன் பாஸ் ஒரு மாதிரியா நிக்கிறீங்க?"

பாஸ் காரடிக்குப் போனார். துணியை உருவி எறிந்தார்.

"ஏறு. பிரேக்கை மிதி."

இராமர் மிதித்தான். "பாஸ், பெடல் சும்மா தரையில போய் முட்டுதே. பிரேக்கே இல்லைங்க."

பாஸ் பிரேக் ஒயில் டப்பாவைத் திறந்தார். காய்ந்து கிடந்தது. சில்லுக்குக் கீழே பேப்பரில் இருந்த சின்னக் கறையைத் தொட்டு, விரலில் தேய்த்து, மூக்கில் வைத்தார். எஞ்சின் ஒயில் இல்லை. பிரேக் ஒயிலின் கடைசிச் சொட்டுகள்தான் அங்கே விழுந்து முடிந்திருந்தன.

அந்தக் காரில் பிரேக்கை யார் மிதித்தாலும் பிடிக்காது. அன்று மட்டுமல்ல, பல வருடமாகவே பிடித்திருக்காது.

அப்படியானால் சில்லைப் பிடித்தது எது?

ரோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்தார். சில்லின் உட்பக்கம் முழுக்கத் தடித்த தூசி. இரண்டே இரண்டு இடத்தில் மட்டும் தூசி இல்லை. மேலே ஒன்று. கீழே ஒன்று. அவருடைய கைகள் வெளியே இருந்த இடங்களுக்கு நேர் எதிரே...

விரல் விரலாக.

இராமர் எட்டிப் பார்த்துவிட்டு "முருகா" என்று பின்வாங்கினான். அதற்குப் பிறகு அவன் அந்தக் காரின் பக்கமே வரவில்லை.

கிங்பினைத் தனியாளாகத்தான் கழற்றினார். பாதிக்கு மேல் வெடித்திருந்தது. "விடு" என்று அந்த ஒரு சொல் வாயில் வராமல் போயிருந்தால், பிரேக்குக்கு ஒயிலை ஊற்றி, பூச்சரம் கட்டி, மகளை அதில் ஏற்றி அனுப்பியிருப்பார். வெள்ளவத்தைக்குப் போகும் காலி வீதியில் எந்த இடத்தில் அது முறிந்திருக்கும் என்று நினைத்து நினைத்து இரவு முழுக்க அழுதார். மெற்றில்டா மறுநாள் வாடகைக் காரில்தான் போனாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். பரவாயில்லை, உயிரோடு போனாள்.

கல்யாணச் சந்தடி ஓய்ந்த பிறகு மக்கீன் காரை எடுக்க வந்தார். பாஸ் நடந்ததைச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்.

"இந்தக் கார் முந்தி ஆருடையது, மக்கீன்?"

மக்கீன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "கலியாணத்துக்கு முந்திச் சொல்ல வாணாமெண்டு பாத்தன் பாஸ். சிவபாதசுந்தரமெண்டு ஒரு எக்கவுண்டன்ட், கணக்குப் பாக்குறவர். எம்பத்திமூணு கலவரத்துல பொஞ்சாதி புள்ளைகள முகாமுக்கு அனுப்பிட்டு, கார ரிப்பயார் பண்ணிட்டுப் பின்னால வாறனெண்டு நிண்டாராம். முன் சில்லு ஆடினயாம். வீட்டுக் கராஜுக்குள்ள தனிய அடியில பூந்து வேல செஞ்சிருக்கார். ஜக் சறுக்கி, கார் மேல விழுந்திட்டு."

"உடனே செத்திட்டாரே?"

"இல்ல. அதான் பாவம். ஆராவது வந்து பிடியுங்கோ, பிடியுங்கோ எண்டு ரெண்டு நாள் கத்தினாராம். பக்கத்து வீட்டு ஆக்களுக்குக் கேட்டீக்கி. தெருவெல்லாம் நெருப்பு பாஸ், ஆரு வெளிய போற? ரெண்டாம் நாள் பின்னேரம் கத்துறது நிண்டிச்சாம். அதுக்குப் பொறகு அவரு மெல்லமாப் பேசுற சத்தம். 'வந்திட்டீங்களா... ஓம், அப்பிடித்தான்... நல்லாப் பிடிச்சுக்கொள்ளுங்கோ...' எண்டு. ஆரோ ஒத்தன் உதவிக்கிப் போயிட்டானெண்டு பக்கத்து வீட்டாக்கள் சந்தோசப்பட்டீக்காங்க."

பாஸ் ஓரடி கிட்ட வந்தார்.

"ஆர் போனது?"

"அதத்தான் பாஸ் நானும் கேட்டன்." மக்கீன் காரைத் திரும்பிப் பார்த்தார். "மையத்த, அந்த மனுசன்ட ஒடம்ப, எடுக்கப் போனவங்க கராஜ் கதவ உடைச்சுத்தான் உள்ள போயீக்காங்க. மூணு தாழ்ப்பாளும் உள்ளால போட்டபடி ஈந்திச்சாம்."