சீசாவுக்குள் கூப்பிட்ட மலைத்தவளை

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். இதையும் நீங்கள் நம்பவேண்டும் என்று கேட்கவில்லை. சிரிக்கிறதானால் கடைசியில் மொத்தமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில், அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்த சமயம். காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கல்லூரி விலங்கியல் வாத்தியார் ஒருவர் தனியாகக் குடியிருந்தார். தங்கமான மனிதர், ஆனால் அலமாரி முழுக்கச் சீசா, சீசா முழுக்கப் பல்லி, பாம்பு. அதில் ஒன்றை மட்டும் சாமி படம் மாதிரி தனியாக வைத்திருந்தார். உள்ளே கட்டைவிரல் அளவு தவளை. மேற்கே மலையுச்சிச் சோலைக்காட்டில் ஒரே ஓர் ஓடையில் இருந்த இனமாம்; காட்டை வெட்டித் தேயிலை போட்ட பிறகு எத்தனை தடவை ஏறியும் இன்னொன்று அவர் கண்ணில் படவில்லையாம்.

"இதுதான் கடைசியோ என்னவோ" என்பார் பெருமூச்சோடு.

"பாவம், அதுக்கும் ஜோடி அமையல" என்பாள் என் தங்கை மங்கை. அவளுக்கு அப்போதுதான் முசரவாக்கத்தில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. வாய்க்கு ஓய்வே கிடையாது.

அவளுடைய முகூர்த்தப் புடவையை நானே நெய்வதாகப் பேச்சு. அரக்கு நிறப் பட்டு. அது கெட்டால் மறுபடி சாயம் போட்டு நெய்யக் கல்யாணத்துக்குள் நாள் இல்லை. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவை, அதாவது புடவையின் நீளவாட்டு இழைகளை, தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காய வைக்கவேண்டும். அந்த நேரத்தில் மழை பிடித்தால் இழையோடு இழை ஒட்டிப் பாவே பாழ். அதனால் தவளை கத்தினால் பாவு நீட்டக்கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம்.

அன்றைக்கு விடிந்ததும் பாவு நீட்டினோம். கழுவித் துடைத்த மாதிரி வானம். கஞ்சிச் சட்டியை எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். வாத்தியார் முந்தின நாளே மெட்ராஸ் போய்விட்டார், அறை பூட்டிக் கிடந்தது, ஆனால் சத்தம் கேட்டது. பித்தளைச் சொம்பை விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு. கொஞ்சம் சும்மா இருந்து இன்னொரு தட்டு. எலி என்று நினைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், நம்புங்கள் நம்பாமல் போங்கள், அந்தச் சீசாதான். மெழுகு வைத்து மூடிய சீசா, ஸ்பிரிட்டில் ஊறிய தவளை, ஓர் அசைவு இல்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

எந்தத் தவளை, உயிரோடிருக்கிறதா என்றெல்லாம் வழக்கத்தில் சொல்லவில்லையே. தெருவுக்கு ஓடினேன்.

"பாவைச் சுருட்டுங்க மாமா."

எதிர்வீட்டு ஏகாம்பரம் மாமா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாடா கபாலி, ஒரு பொட்டு மேகம் இல்ல, சுருட்டச் சொல்லிக்கினு வர்றே?"

"தவளை கத்துது."

"எங்கடா?"

"வாத்தியார் சீசாவுல."

தெருவே சிரித்தது. "செத்த தவளையா? கருமாதி எப்பன்னு கேட்டியாப்பா?"

மங்கை மட்டும் சிரிக்கவில்லை. "எம் புடவை மாமா அது. அண்ணன் சொல்லுதில்ல, சுருட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே சுருட்டினார்கள். பாவை உள்ளே வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறேன், கொட்டியது பாருங்கள், அப்படி ஒரு மழை. ஏகாம்பரம் மாமா சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "நாளைக்காவது வெயில் அடிக்குமா, கேட்டுச் சொல்லுப்பா" என்றார்.

சாயங்காலம் வாத்தியார் வந்ததும் நடந்ததைச் சொல்லி, கேட்ட மாதிரியே சொம்பைத் தட்டிக் காட்டினேன். இன்னொரு தடவை தட்டச் சொன்னார்.

"கபாலி, ஓடையில நான் கேட்ட சத்தம் இதேதான். ஆனா அது ரெண்டு தட்டுத்தான் தட்டும்."

"மூணாவது?"

"அது ஜோடி சொல்ற பதில்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்றாவது தட்டு சீசாவிலிருந்து வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால், எங்கள் வீட்டுத் தறிக்குழியிலிருந்து வந்தது.

அந்தக் குழியில் காலைத் தொங்கவிட்டுத்தான் மங்கையின் புடவையை நெய்து முடித்தேன். நெய்யும்போதெல்லாம் இடது பாதத்தின்மேல் சில்லென்று ஏதோ ஏறி உட்காரும். ஒரு நாளும் நான் குனிந்து பார்க்கவில்லை. புடவை ஜோராக அமைந்தது, கல்யாணமும் அப்படியே.

இன்றைக்கும் மழைக்கு முன்னால் அந்தப் பாதத்தில் கட்டைவிரல் அளவு இடம் மட்டும் பனிக்கட்டியாகிவிடும். சந்தேகமிருந்தால் இப்போது தொட்டுப் பாருங்கள். மாடியில் காயும் துணியை எடுத்துவரச் சொல்லிவிட்டுத்தான் உங்களோடு பேச உட்கார்ந்தேன்.