அந்தோணி ஒத்துக்கொண்ட தப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் அந்தோணிக்குக் காண்ட்ராக்ட் வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எது உடைந்தாலும், யார் உடைத்தாலும், மேஸ்திரி யாரைக் கைகாட்டுகிறாரோ அவர் கைகட்டி நின்று "தப்புதான் சார்" என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஷிப்டுக்குள் விடுவார்கள். நியாயம் பேசினால் கேட்டிலேயே நிற்க வேண்டியதுதான். அந்தோணி இதில் மகா கெட்டிக்காரர். கேள்வி வருவதற்கு முன்பே அவரிடமிருந்து பதில் வந்துவிடும்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மகள் படிக்கும் தனியார் பள்ளியிலும் போய்க் காட்டினார். வரவேற்பறை மீன்தொட்டியை ஆறாம் வகுப்பு ஸ்நேகா உடைத்துவிட்டாள் என்று பிரின்சிபால் கூப்பிட்டனுப்பியிருந்தார். ஸ்நேகா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அந்தோணி அவள் தோளை அழுத்திவிட்டு, "தப்புதான் மேடம், மன்னிச்சிடுங்க" என்று கும்பிட்டார். ஆலையாக இருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். பிரின்சிபாலோ, "நீங்களே ஒத்துக்கிட்டீங்க, ரொம்ப நல்லது" என்று டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டார்.

வீட்டில் மனைவி சாராள்தான் மகளை விசாரித்தாள். தொட்டியில் மோதியது ஓடிப்பிடித்து விளையாடிய பெரிய வகுப்புப் பையன்கள். ஸ்நேகா தரையில் துடித்த மீன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிடிபட்டது அவள்.

"பொண்ண ஒரு வார்த்த கேட்டியாயா? முந்திரிக்கொட்ட மாதிரி ஒத்துக்கினு வந்து நிக்கிற!" என்று சாராள் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்ல வந்தேன்பா. நீதான் வுடல" என்றாள் ஸ்நேகா.

அந்தோணிக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற மகளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று சட்டமே இருப்பதை சாராள் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். திருவள்ளூர் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தாள். விசாரணைக்கு மூவரும் போனார்கள். பிரின்சிபால் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"நாங்க எங்க சார் நீக்கினோம்? அப்பாவே தப்ப ஒத்துக்கிட்டு டி.சி. வாங்கிட்டுப் போனார்."

அதிகாரி அந்தோணியிடம் திரும்பினார். "உங்க பொண்ணுதான் உடைச்சதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார்."

"பொண்ணைக் கேட்டீங்களா?"

"கேக்கல சார்."

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

ஸ்நேகா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தோணிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஆலையில் ஆயிரம் பேர் முன்னால் கைகட்டியபோதுகூட இப்படிக் கூசியதில்லை.

"வேலைல அப்பிடியே பழகிப்பூட்ச்சி சார்," என்றார். "டி.சி. நான் கேக்கல, அவங்களாத்தான் குடுத்தாங்க. எம் பொண்ணு ஒடைக்கல சார்."

பிள்ளையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி அதிகாரி உத்தரவு போட்டார். சாராள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தோணிக்கும் பாரம் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது.

திங்கட்கிழமை மகளை அவரே கொண்டுபோய் விட்டார். கேட்டுக்கு உள்ளே நின்றிருந்த பிரின்சிபால், "ஸ்நேகா" என்று கூப்பிட்டார். ஷூ லேஸ் அவிழ்ந்திருப்பதைச் சொல்லத்தான் கூப்பிட்டார். அதற்குள் ஸ்நேகா பையோடு நின்று கைகட்டிக்கொண்டாள்.

"தப்புதான் மேடம்" என்றாள்.

கேட்டுக்கு வெளியே நின்ற அந்தோணி அதைக் கேட்டார்.