பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் ஒரு மதியத் தூக்கம்

சனிக்கிழமை காலை 7.10. அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து குட்டியானை புறப்பட்டது. நூலும் பாவும் ஏற்றி இறக்க நாங்கள் வைத்திருக்கும் சின்னச் சரக்கு வண்டிக்குத்தான் அந்தப் பெயர். அன்று அதன் முதுகில் நாள் வாடகை நானூறு ரூபாய்க்கு எடுத்த கூடாரம் ஒன்று, இரண்டு கோரைப் பாய், குக்கர், தண்ணீர்க் கேன், குழந்தைக்கென்று மட்டும் மூன்று பைகள். முன்னால் என் கணவர் செந்தில், நான், என் மடியில் ஒரு வருடம் எட்டு மாதமான மகள் நிலா.

போகிற இடம் பனமரத்துப்பட்டி ஏரி. எங்கள் வீட்டிலிருந்து பதினாறு கிலோமீட்டர்தான். இதற்கா ஒரு பயணக் கட்டுரை என்று கேட்பீர்கள். கல்யாணமான நான்கு வருடத்தில் வேறெந்தப் பயணத்துக்கும் நான் இவ்வளவு சண்டை போட்டதில்லை.

எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. கீழே எட்டு விசைத்தறிகள், இரவு பகலாக. நான் பிறந்த ராசிபுரத்து வீட்டில் ஜவுளிக்கடை உண்டு, தறி கிடையாது. அதனால் அம்மாபேட்டைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஓர் ஆசை. ஒரே ஒரு ராத்திரி, அந்தத் தடதட இல்லாமல் தூங்க வேண்டும். ராசிபுரம் போனாலும் ராத்திரிக்குள் தறிக்குத் திரும்பிவிடுவோம். அதற்குத் தடையாக நின்றவள் நிலாதான். அவள் பிறந்ததிலிருந்து தறி ஓடினால்தான் தூங்குவாள். கரண்ட் போனால் எங்களுக்கு வியர்க்கும் முன்பே அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

கிளம்பும்போது என் மாமியார் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிபந்தனை போட்டார். "மத்தியானம் பாப்பா அங்க தூங்குச்சுன்னா ராத்திரி தங்குங்க. தூங்கலைன்னா பொழுது சாயறதுக்குள்ள திரும்பி வந்துரணும். ராத்திரி பூரா புள்ளைய அழ விடறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

"சரிங்கத்தை" என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்பது தாதகாப்பட்டி தாண்டும்போதுதான் உறைத்தது. செந்தில் மட்டும் கவலையே இல்லாமல் ஓட்டினார். "பயப்படாத கவிதா, என்கிட்ட ஒரு ஐடியா இருக்கு" என்றார். அவருடைய ஐடியாக்களை நான்கு வருடமாகப் பார்க்கிறேன். எனக்கு மேலும் கவலையாகிவிட்டது.

8.05. வழியில் இட்லி சாப்பிட்டோம், இரண்டு பேருக்கும் எண்பது ரூபாய். நிலா சாம்பாரில் கையை நனைத்து என் புதுச் சுடிதாரில் துடைத்தாள்.

8.40. ஜருகுமலை வலது பக்கம் வந்து நின்றது. இரண்டு வளைவு தாண்டியதும் ஏரி. இந்த வருடம் நல்ல மழை. முன்பு ஒரு முறை பார்த்தபோது சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த இடமெல்லாம் இப்போது தண்ணீர். கரையை ஒட்டிக் குழந்தைவேல் அண்ணனின் மாந்தோப்பு இருக்கிறது. அவர் எங்களிடம் வேட்டி வாங்கி வாரச்சந்தையில் விற்பவர். கூடாரம் போட்டுக்கொள்ள அவர்தான் இடம் கொடுத்தார்.

"வாங்க, வாங்க. பாப்பாவுக்குப் பாலு கறந்து வெச்சிருக்கறனுங்க" என்றார். பிறகு கூடாரத்தைப் பார்த்தார். "ஏனுங்க, ஊடு சும்மாதானுங்க கெடக்குது. இதுக்குள்ளாறயா படுப்பீங்க?"

"அதுக்குத்தானுங்கண்ணா வந்தோம்" என்றேன்.

கூடாரத்தை நிறுத்த ஐம்பது நிமிடம் ஆனது. எட்டுத் தறியைத் தனியாளாகப் பிரித்து மாட்டுகிற மனிதர், ஐந்து கம்பிகளுடன் மல்லுக்கட்டினார். தண்ணீரிலிருந்து தொண்ணூறு அடி தள்ளிப் போட்டோம். நான் காலடியால் அளந்து பார்த்தேன். ஆனாலும் குழந்தையின் மேலேயே எங்கள் நான்கு கண்களும் இருந்தன. பத்து நிமிடம் போன பிறகுதான் கவனித்தேன், பார்க்காமலே அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரிகிறது. கொலுசு! ஒரு வயதில் போட்ட கொலுசு. அதன் சத்தத்தை அன்றுதான் முதல் முறையாக ஒழுங்காகக் கேட்டேன். அதைக் கேட்பதற்காகவே அவள் பின்னால் தோப்பு முழுக்க நடந்தேன்.

காலை போனதே தெரியவில்லை. செந்தில் அவளை இடுப்பில் பிடித்துக்கொள்ள, அவள் கரையோரத் தண்ணீரைக் காலால் அடித்தாள். கொக்கு ஒன்று பறந்தபோது "கோயி" என்றாள். அவளுக்குப் பறப்பதெல்லாம் கோழி. பன்னிரண்டரைக்குத் தயிர்சாதம் ஊட்டினேன். கண்ணைக் கசக்கினாள்.

1.15. பரீட்சை தொடங்கியது. மாமரத்தில் என் பழைய சேலையைத் தூளியாகக் கட்டினேன். உள்ளே போட்டதும் பாம்பைக் கண்டதுபோல் கத்தினாள். செந்தில் சிரித்துக்கொண்டே தன் ஐடியாவை எடுத்தார். கைபேசியில் எங்கள் தறிச் சத்தத்தை முக்கால் மணி நேரத்துக்குப் பதிவு செய்து வந்திருந்தார். ஒரு ஸ்பீக்கரும் கொண்டுவந்திருந்தார். முழுச் சத்தத்தில் வைத்தார்.

ஏரியில் இருந்த அத்தனை நாரைகளும் எழுந்து பறந்தன. நிலா தூளியிலிருந்து தலையை நீட்டி, ஸ்பீக்கரைப் பார்த்து, "தயி, தயி" என்று தறியைச் சொல்லிக் கைதட்டினாள். தோப்பின் மறுகோடியிலிருந்து குழந்தைவேல் அண்ணன் துண்டைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார்.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்றார் செந்தில்.

"ஒன்னுமில்லீங்க. பக்கத்துக் காட்டுக்காரன் எனக்குத் தெரியாம ரிக்கு வண்டி கொண்டாந்து போர் போடறானாட்ட இருக்குதுன்னு ஓடியாந்தேன்" என்று மூச்சு வாங்கினார். விஷயத்தைச் சொன்னோம். அவர் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

2.00. குழந்தையை வண்டியில் வைத்து ஏரிக்கரையில் இரண்டு சுற்று ஓட்டினோம். வழியில் கண்ட ஆடு மாடு எல்லாவற்றையும் அவள் பெயர் சொல்லி விசாரித்தாள். தோளில் போட்டுத் தட்டினேன். பாட்டுப் பாடினேன். தூக்கக் கலக்கத்தில் அவள் அழ ஆரம்பித்தாள். குழந்தை தூக்கத்துக்கு அழுகிறபோது நம் ஆசை எவ்வளவு அற்பமாகத் தெரிகிறது! 2.40க்கு நான் கூடாரத்தின் ஒரு முளையைப் பிடுங்கினேன். தோற்றுவிட்டேன் என்று நினைத்தபோது எனக்கும் அழுகை வந்தது. வீட்டில் மாடித் தரையே அதிருமே, இவள் தூங்குவது சத்தத்துக்கா அந்த அதிர்வுக்கா என்று அப்போதுதான் யோசித்தேன். யோசித்து என்ன பயன்? மாந்தோப்புத் தரையை யார் அதிர வைப்பது?

"பத்து நிமிஷம் படுத்துக்கறேன், அப்புறம் கிளம்பலாம்" என்றார் செந்தில். விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து தறியில் புதுப் பாவு நூலைப் பிணைத்துவிட்டு வந்தவர். பாயில் மல்லாந்து விழுந்தார். நிலா விசும்பிக்கொண்டே அவர் வயிற்றில் ஏறிக் குப்புறப் படுத்தாள்.

நான் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ ஒரு சத்தம், டீசல் எஞ்சின் ஒன்று மெதுவாகக் கிளம்புவதுபோல. அண்ணன் மோட்டார் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். திரும்பினால் அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார், வாயில் விரலை வைத்து.

சத்தம் என் கணவரின் மூக்கிலிருந்து வந்தது. குறட்டை. சும்மா இல்லை, மாம்பழத்தைக் காம்போடு உதிர்க்கிற குறட்டை. ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் நெஞ்சு ஏறி இறங்கி நடுங்கியது. அதன் மேல் கன்னத்தை வைத்து, வாயைத் திறந்து, என் மகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பேசாதீங்க சாமி. அவரு எந்திரிச்சா அதும் எந்திரிச்சுக்கும்" என்று கிசுகிசுத்துவிட்டு அண்ணன் பூனைநடை நடந்து போனார்.

நான்கு வருடம் பக்கத்தில் படுத்திருக்கிறேன். இந்த மனிதர் குறட்டை விடுவார் என்று எனக்குத் தெரியாது. எட்டுத் தறிக்கு நடுவே எப்படித் தெரியும்? கொஞ்சம் தள்ளிப் போய் மாமியாரைக் கைபேசியில் அழைத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் தறிச் சத்தத்தில் அவர் மூன்று முறை "என்ன?" என்றார். பிறகு வெளியே தெருவுக்கு வந்து கேட்டார்.

"செந்திலா? கொறட்டையா? எனக்கே தெரியாதேம்மா" என்றார். "முப்பத்தோரு வருஷமா எனக்கே தெரியாது." அதைச் சொன்ன குரல் ஒரு மாதிரி இருந்தது. உடனே சமாளித்துக்கொண்டு, "சரி, தூங்கிருச்சுல்ல. தங்கிட்டு நாளைக்கு வாங்க" என்றார்.

பிடுங்கிய முளையை மறுபடி அடித்தேன், ஓசை வராமல், மண்ணில் கையால் அழுத்தி. அப்பாவும் மகளும் 4.50 வரை தூங்கினார்கள். செந்தில் எழுந்ததும் குறட்டையைப் பற்றிச் சொன்னேன். "நானா? சும்மா ஏதாச்சும் சொல்லாத" என்றார்.

சாயங்காலம் பரிசல்காரரிடம் ஜிலேபி மீன் வாங்கினோம், கிலோ நூற்று அறுபது. அண்ணன் வீட்டு மிளகாய்த்தூள் தடவிக் கல்லில் வறுத்தோம். நிலாவுக்கு முள் பார்த்துப் பார்த்துக் கொடுத்ததில் எங்களுக்குப் பாதிதான் கிடைத்தது. ராத்திரி நான் ஆசைப்பட்ட அமைதி கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. தறியை வீட்டில் விட்டுவிட்டு எஞ்சினைக் கூட்டி வந்திருந்தேன். ஆனால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்தபடியே நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை 6.00. அவர் புரண்டு படுத்தார், சத்தம் நின்றது. நான் கூடாரத்தை விட்டு வெளியே வந்து தண்ணீர் ஓரம் உட்கார்ந்தேன். மீன் துள்ளியது. தூரத்தில் யாரோ மாட்டை அதட்டினார்கள். என் வளையல் ஒன்றோடொன்று இடிப்பது கேட்டது. அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அது போதும்.

மதியம் மூன்றரைக்குக் கிளம்பினோம். அண்ணன் ஒரு பை நிறையத் தேங்காய் ஏற்றிவிட்டு, "பாப்பாவக் கூட்டிக்கிட்டு அடிக்கடி வாங்க" என்றார்.

நாங்கள் வீடு வந்து சேரும்போது ஞாயிறு அரைநாள் விடுமுறை முடிந்து தறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. மாடிப்படி ஏறும்போதே நிலாவின் கண் சொருகியது. தரையில் பாயை விரித்ததும் அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். செந்திலின் வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். தடதடவைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

வாசலில் மாமியார் வந்து நின்றார். மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, தூங்கும் மகனின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார். "ஆமாம்மா, அதிருது" என்றார், என்னை நிமிர்ந்து பார்த்து. கையை எடுக்கவே இல்லை.