நெற்றியில் நின்ற தூசி

கண்டிக்கு வடக்கே, பலாபத்வலயில் பெரிய தெருவைப் பார்த்தபடி எங்கள் ஸ்டூடியோ இருந்தது. வடக்கே போகும் ஆமி லொறிகள் அந்தத் தெருவால்தான் போகும். ஒரு வரிசை போய் முடிந்தால், கதவைச் சாத்தி வைத்திருந்தாலும் மேசையில் விரலால் பெயர் எழுதலாம். எனக்குத் தூசி என்றாலே ஆகாது. "இவரு தூசியத்தான் கலியாணம் முடிச்சிருக்கணும், நாள் முழுக்க அதோடதானே சண்ட" என்று மனைவி என் உம்மாவிடம் குறை சொல்லுவாள்.

மேசைத் தூசியைத் துடைத்துவிடலாம். கமராவுக்குள் போனதை என்ன செய்வது? என்னுடையது மூன்று கை மாறி வந்த கமரா. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில், வலது மூலையில், கறுப்பாக ஒரு புள்ளி. லென்ஸைக் கழற்றி, காது கழுவுகிற ரப்பர் பந்தால் ஊதிப் பார்த்தேன். மெல்லிய தூரிகையால் தட்டிப் பார்த்தேன். அது அசைகிற வழியாக இல்லை. கண்டியில் கமரா திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன். உள்ளே இருக்கும் மங்கல் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது என்றார்.

"படத்துல விழாது. ஒங்கட கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும். நோண்டாம விடுங்க."

விட்டிருக்கலாம். விடுகிற பிறவி இல்லை நான்.

எண்பதுகளின் கடைசி அது. தோட்டத்து ஆட்கள் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்துகொண்டிருந்தார்கள். அட்டை இல்லாமல் பஸ் ஏறவே பயந்த காலம். பெண்கள் படத்துக்கு உட்காரும் முன்னால் பொட்டை அழித்துவிடுவார்கள். எந்த அரசாங்கக் கந்தோரும் அப்படிக் கேட்கவில்லை. பொட்டு வைத்த முகத்தைச் சோதனைச் சாவடியில் இரண்டு தரம் பார்க்கிறார்கள் என்று ஒரு பேச்சு, அவ்வளவுதான். முதலில் அவர்களாகவே அழித்தார்கள். பிறகு நானே சொல்லத் தொடங்கினேன். பொட்டு எங்கள் வீடுகளில் புழங்காத சாமான். ஆகவே அழிக்கச் சொல்வது எனக்கு முகத்தைக் கழுவச் சொல்வது போலத்தான் இருந்தது.

அன்று காலையில் கடையைத் திறந்ததும், ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி அந்த மங்கல் கண்ணாடியை ஒரு இழுப்பு இழுத்தேன். கண் வைத்துப் பார்த்தேன். மூலையில் புள்ளி இல்லை. நான் பார்த்தது கடையின் பின்பக்கக் கறுப்புத் திரையை. கறுப்பில் கறுப்புப் புள்ளி எப்படித் தெரியும்? அந்த அறிவு அப்போது வேலை செய்யவில்லை. கண்டிக்காரரை வென்றுவிட்ட சந்தோஷத்தில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

பத்து மணி இருக்கும், ஒரு பெண் தனியாக வந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருப்பாள். நெற்றியில் கறுப்புச் சாந்துப் பொட்டு. நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் விடியக்காலையில் ஆமிக்காரர்கள் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி வளைத்து, அவளுடைய புருஷனைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். எங்கே என்று தெரியவில்லை. விசாரிக்கப் போன இடத்தில், முதலில் உன் அட்டையைக் காட்டு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அட்டை கிடைத்தால்தான் அவனைத் தேடவே முடியும்.

"பொட்ட அழிச்சிட்டு உக்காருங்க தங்கச்சி," என்றேன்.

அவள் உட்காரவில்லை. முஸ்லிம் கடைக்காரர்களை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவது தோட்டத்து வழக்கம்.

"லயத்துல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க நானா. என் மாமியாரே, இன்னும் யாருக்கு வைக்கிறேன்னு கேக்குறாங்க. அவரு இருக்காரு. அதனாலதான் வச்சிருக்கேன்."

"இருப்பாரு, இருப்பாரு. படத்துக்கு மட்டுந்தான். வெளிய போனதும் வச்சிக்கங்க."

கதவோரம் இருந்த தண்ணீர் வாளியிடம் போனாள். சேலைத் தலைப்பை நனைத்துத் துடைத்துவிட்டு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் கண் வைத்தேன். இரண்டு புருவத்துக்கும் நடுவில் பொட்டு அப்படியே இருந்தது.

"இன்னும் இருக்கு."

துடைத்தாள்.

"இருக்கு தங்கச்சி. நல்லாத் தொடைங்க."

திரும்பவும் துடைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. வேண்டுமென்றே பட்டும் படாமலும் துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

"அழுத்தித் தொடைக்க என்ன வருத்தம்? எனக்கு வேற வேலயும் இருக்கு."

நெற்றியைத் தேய் தேய் என்று தேய்த்தாள். பிறகு கையை மடியில் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"போக மாட்டேங்குதா?"

அவள் முகம் மாறிவிட்டது. கடைக்குள் வந்ததிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம் அதில் வந்தது.

"நெசமா இருக்கா நானா?"

"இருக்கு," என்றேன், கமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

தெருவில் லொறி ஒன்று இரைந்துகொண்டு போனது. அவள் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். முகம் திரும்பியது. பொட்டு திரும்பவில்லை. அது இருந்த இடத்திலேயே நின்றது, இப்போது அவளுடைய காதுக்குப் பக்கத்தில். கமராவை இறக்கினேன். வெறும் நெற்றி. தோல் சிவந்து, ஓரிடத்தில் கன்றிப்போயிருந்தது.

"அப்ப அவருக்கு ஒண்ணும் ஆகல," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், என்னிடம் இல்லை, தனக்குத்தானே.

காலையில் என் பஞ்சு அந்தப் புள்ளியை மூலையிலிருந்து நடுவுக்குத் தள்ளியிருக்கிறது. தூசி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கூச்சமா, இரக்கமா, எது என் வாயைக் கட்டியது என்று இன்றுவரை தெரியவில்லை. "சரி, நேரா பாருங்க," என்று சொல்லி அமுக்கினேன்.

அன்று பின்னேரம் படத்தைக் கழுவினேன். கண்டிக்காரர் சொன்னது போலவே புள்ளி விழவில்லை. துப்புரவான படம். வேறு நாளாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். அன்று அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தாள். முன்னதை விடப் பெரிய பொட்டு. நடையிலும் ஒரு தெம்பு இருந்தது. படத்தை வாங்கியதும் முகத்தைப் பார்க்கவில்லை, நெற்றியைப் பார்த்தாள். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"எங்க நானா? அன்னைக்கு இருக்குன்னு சொன்னீங்களே."

அதற்கு மேல் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. தொழிலில் இருந்த ஒரு பொய் கைகொடுத்தது. படத்தில் வேண்டாத புள்ளி கிள்ளி இருந்தால் நாங்கள் மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு மறைப்பது வழக்கம்.

"இருந்திச்சி தங்கச்சி. கார்டுக்கு ஆகாதுன்னு நாந்தான் பிரஷ்ஷால எடுத்தேன்."

அவளுக்கு நல்லதைச் செய்துவிட்டேன் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். இருந்தது என்று நானே சாட்சி சொல்லிவிட்டேன், இனி அவள் நம்பிக்கைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அதுவாப் போகலையே நானா," என்றாள். சத்தம் உயரவில்லை. "அத்தன தரம் தேச்சும் போகலையே. நீங்க ஏன் எடுத்தீங்க?"

நான் மீதிப் படங்களை உறைக்குள் போட்டு நீட்டினேன். வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். அவளுடைய புருஷன் வந்து சேர்ந்தானா என்று அந்தத் தோட்டத்து ஆட்கள் ஒருவரிடமும் நான் கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருந்தது.