ஊட்டியில் எத்தனை டிகிரி?

புதுக் கம்பளிக்கென்று ஒரு வாடை உண்டு. ஜிப் வைத்த கனத்த பிளாஸ்டிக் பையைத் திறந்ததும் பாச்சை உருண்டையும் மண்ணெண்ணெயும் கலந்தது போல மூக்கில் ஏறி, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், கத்தாரில், தோஹாவின் நஜ்மா பக்கம் நாங்கள் குடியிருந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டில், ஒரு ஏப்ரல் தொடங்கி மே கடைசிவரை அந்த வாடைக்குள்தான் சாப்பிட்டோம், படித்தோம், சண்டை போட்டோம். வெளியே தார் இளகும் வெயில். உள்ளே, நடு அறையில் வாயைத் திறந்தபடி ஒரு பெட்டி. ஜூன் மாதம் என்னை ஊட்டியில் ஒரு பள்ளி விடுதியில் சேர்ப்பதாக முடிவாகியிருந்தது. எனக்கு அப்போது பத்து வயது.

காரணம் ஒரு பால் பாத்திரம். அம்மா நர்ஸ், வாரத்துக்கு வாரம் "டூட்டி" மாறும். அப்பா ஏசி டெக்னீஷியன். விடிந்ததும் "சைட்"டுக்குப் போனால் மாலையில்தான் வருவார். நடுவில் மதியம் மூன்று மணி நேரம் நான் தனியாக இருப்பேன். ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு டிவி முன்னால் தூங்கிப்போனேன். பாத்திரம் கரிக்கட்டையாகி, படிக்கட்டு முழுக்கப் புகை இறங்கி, பக்கத்து வீட்டு பாகிஸ்தான் பட்டான் கதவை இடித்து என்னை எழுப்பினார். அடுத்த வெள்ளிக்கிழமையே ஊட்டிப் பள்ளியின் பெயர் வீட்டில் அடிபடத் தொடங்கியது.

அந்தப் பெட்டி மூடவே மூடாது. அப்பா மாலையில் வந்து எல்லாவற்றையும் அடுக்கி, மேலே ஏறி உட்கார்ந்து பூட்டி, அரபுக்காரர்களைப் போல "கலாஸ், முடிஞ்சுது" என்று கையைத் தட்டுவார். காலையில் அம்மாவுக்கு எதுவோ மறந்துபோனது ஞாபகம் வரும், மறுபடி திறப்பாள். அவள் டூட்டிக்குப் போனதும் நான் திறப்பேன். ஒரு நாள் ஸ்வெட்டர், ஒரு நாள் காலுறை என்று எதையாவது உருவி கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பேன். சாமான் சேராவிட்டால் பயணமும் சேராது என்று எனக்கு ஒரு கணக்கு. அந்த இரண்டு மாதமும் நாங்கள் மூவரும் ஒரு இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

வேடிக்கை என்னவென்றால், எங்களில் யாருக்குமே குளிர் தெரியாது. அப்பாவும் அம்மாவும் நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கே வியர்க்கும். ஆனாலும் அப்பாவுக்குத் தொழில் தந்த தைரியம் இருந்தது. "குளிரு எனக்குச் சோலியாக்கும், கேட்டியா?" என்பார். சட்டைப் பையில் பேனாவைப் போல ஒரு தெர்மாமீட்டர் வைத்திருப்பார். ஏசியின் வாயில் சொருகி, வரும் காற்று எத்தனை டிகிரி என்று பார்க்கிற கருவி. ஊட்டியில் ஜனவரி ராத்திரி ஐந்து டிகிரி என்று எங்கேயோ கேட்டு வந்தவர், அந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஜன்னல் ஏசியின் முகப்பைக் கழற்றி, குளிர் சேர்ந்ததும் தானே நின்றுபோகாதபடி உள்ளே ஒரு கம்பியை இழுத்துவிட்டார். குளிர்கால மிச்சத்தைக் கழிவு விலையில் தள்ளிவிடும் கடையில் வாங்கிய, கழுத்தைச் சுற்றி ரோமம் வைத்த தடித்த ஜாக்கெட்டை எனக்கு மாட்டி, மே மாதத்து தோஹாவில், என்னைக் "குளிருக்குப் பழக்கினார்". ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தெர்மாமீட்டரைப் பார்த்து, "பதினாலுதான் வந்திருக்கு. இன்னும் ஒம்பது எறங்கணும்" என்று பெட்டியில் இன்னொரு ஸ்வெட்டரைப் போட்டார்.

ஊட்டிக் குளிரைப் பற்றிக் கேட்கச் சரியான ஆள் எங்கள் கட்டடத்துக்குக் கீழேயே இருந்தார். "கேஃபட்டேரியா"வில் டீ போடுகிற குன்னூர் அண்ணன். அம்மா ஒருநாள் டூட்டி முடிந்து வரும் வழியில் அவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் சாண்ட்விச் சுற்றும் தாளை எடுத்து மாதவாரியாக எழுதியே கொடுத்துவிட்டார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்: தூறலும் காற்றும்; குடை திரும்பிக்கொள்ளும், ஆகவே மழைக்கோட்டு. செப்டம்பர்: வெயில் வந்து ஏமாற்றும். அக்டோபர், நவம்பர்: பெருமழை, மூடுபனி, துணி காயாது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி: விடிகாலையில் புல் வெளுக்கும், பகலில் நல்ல வெயில். மார்ச் முதல் மே வரை: சீசன், கூட்டம், மத்தியான வெயிலில் கன்னம் கருகும், சாயங்காலம் ஒரு மழை. கடைசியில் அடிக்கோடு போட்டு: கனமாக ஒன்று வேண்டாம், மெல்லியதாக மூன்று.

"சிஸ்டர், குளிரைப் பத்தி பயப்படாதீங்க. ஈரத்துக்குத்தான் பயப்படணும்" என்று வாயாலும் சொல்லி அனுப்பினாராம்.

அப்பா அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் வீட்டில் குடை என்று ஒரு பொருளே கிடையாது. மழை என்றால் வருஷத்தில் இரண்டு நாள். பள்ளிக்கூடம் விட்டுவிடுவார்கள், ரோட்டில் தண்ணீர் தேங்குவதை வேடிக்கை பார்க்க எல்லோரும் வெளியே வருவார்கள். அதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா? பள்ளியிலிருந்து வந்த பட்டியலின் கடைசியில் இருந்த மழைக்கோட்டையும் குடையையும், "அங்க போய் வாங்கலாம்" என்று அடித்துவிட்டு, அந்த இடத்தில் பூப்போட்ட பெரிய கொரியா கம்பளியை அமுக்கினார். லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் தவறாமல் தூக்கிப்போகும் அதே கம்பளி. அம்மா அந்தத் தாளை மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

ஜூன் முதல் வாரம் அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டார். விடுதி வாசலில் அவருக்கே பல் தந்தி அடித்தது, ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. கிளம்பும்போது குனிந்து, "குளிரு தாங்கல்லன்னா சொல்லு மக்களே. அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னார். நான் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன்.

குன்னூர் அண்ணன் எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பவில்லை. ரோம ஜாக்கெட் முதல் நாள் தூறலிலேயே நனைந்து, ஐந்து நாள் காயாமல், ஆறாம் நாள் கழுத்தில் பச்சையாகப் பூசணம் பூத்தது. கொரியா கம்பளி காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, போர்த்தினால் நனைந்த சாக்கைப் போர்த்தியது போலக் கிடந்தது. வார்டன் அதை மூக்கைப் பிடித்துக்கொண்டு தூக்கிப்போய், வெந்நீர் போடும் அறையின் பரணில் போட்டார். மற்றப் பிள்ளைகள் மெல்லிய சட்டை, மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு என்று வெங்காயம் மாதிரி உரித்தும் மாட்டியும் திரிந்தார்கள். குடையை விரிக்கத் தெரியாத ஒருத்தி வந்திருக்கிறாள் என்று என்னைப் பார்க்கவே நாலைந்து பேர் வந்தார்கள். ஆனால் குளிர்? உண்மையைச் சொன்னால் பழகிவிடக்கூடிய குளிர்தான். அம்மா பக்கத்தில் இல்லாததுதான் பழகவில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, விடுதி அலுவலகத்து வராந்தாவில் ஐந்து நிமிடம் போன். தோஹாவில் அப்போது மதியம் இரண்டரை; அந்த போனுக்காகவே அப்பா ஞாயிறு மதிய ஓய்வில் சைட்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுவார். அவருக்கு நலம் விசாரிக்கத் தெரியாது. எடுத்ததும், "அங்க எத்தன டிகிரி?" என்றுதான் கேட்பார். போனுக்கு மேலே சுவரில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது. முதல் ஞாயிறு அதில் பதினாறு காட்டியது. எனக்கு ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. "ஒம்பது" என்றேன். மறுமுனையில் அம்மாவிடம் "ஒம்பதாம்" என்று சொல்வது கேட்டது. பிறகு, "ஒரு வாரம் பாப்போம் மக்களே" என்றார். அடுத்த வாரம் எட்டு என்றேன். செப்டம்பரில் நல்ல வெயிலில் பத்தொன்பது இருந்தபோது துணிந்து ஏழு என்றேன். ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் தோஹா ஒரு படி பக்கத்தில் வந்தது.

டிசம்பர் விடுமுறைக்கு, லீவு முடிந்து திரும்பிய அப்பாவின் நண்பரோடு வந்து சேர்ந்தேன். தோஹாவில் அப்போது இதமான குளிர்காலம். கட்டடத்தில் ஒரு ஏசிகூட ஓடவில்லை. எங்களுடையது மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா குரங்குக் குல்லாயோடு கதவைத் திறந்தார். என்னைத் தூக்கப் போனவர், பாதியில் இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

அம்மா சமையலறைக்குள் என்னை இழுத்துப்போய்ச் சொன்னாள். "ஆறு மாசமா இதே கூத்துதான். நீ போன்ல சொல்லுத டிகிரிக்கு ஏசிய வச்சுட்டு ஒறங்காரு. அது அவ்வளவுக்கு எறங்காதுன்னு தெரியும்லா, கம்பளியும் போத்த மாட்டேங்காரு. எம் மவ அங்க ஏழுல கெடக்கா, நான் மட்டும் எப்பிடி சொகமா ஒறங்கதுன்னு கேக்காரு. நெஞ்சுல சளி கட்டி ரெண்டு தடவ ஊசி போட்டாச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜனவரியில இதவிடக் கொறஞ்சா ஒன்ன இஞ்சயே கூட்டிட்டு வந்திரணும்ங்காரு. நானும் சரின்னுட்டேன்" என்றாள்.

நான் ஜெயித்துவிட்டேன். இன்னும் ஒன்றிரண்டு ஞாயிறுகள்தான் பாக்கி. அந்த விடுமுறை முழுக்க, அப்பா இருமும்போதெல்லாம் நான் வேறு அறைக்குப் போய்விடுவேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய்வரை வந்தது. சொன்னால் ஆறு மாதப் பொய்யும் வெளியே வந்துவிடும். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. சொல்லாமலே விமானம் ஏறினேன்.

ஜனவரியின் முதல் ஞாயிறு. அன்று காலையில் மைதானத்துப் புல் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடந்தது. என்றைக்கும் இல்லாமல் அன்று பகலிலும் வெயில் வரவில்லை; மாலை போன் வந்தபோது சுவரில் ஆறு. இத்தனை மாதத்தில் முதல்முறையாகப் பொய்யே சொல்ல வேண்டாத ஒரு எண். போனை எடுத்தேன். குரலுக்கு முன்னால் இருமல் வந்தது. நெடுநேரம் இருமிவிட்டு, "எத்தன டிகிரி மக்களே?" என்றார்.

"பத்தொம்பது" என்றேன்.

"பத்தொம்பதா? ஜனவரியிலயா?"

"ஆமாப்பா. இப்பல்லாம் குளிரே இல்ல. ஸ்வெட்டர்கூடப் போடல்ல."

அவர் சிரித்தார். அம்மாவைப் பார்த்து, "இஞ்ச பாரு, பத்தொம்பதாம்! அந்த ஏசிய அணைச்சிரு" என்று சத்தம் போடுவது கேட்டது. கூட்டிவருவதைப் பற்றி அதன்பிறகு வீட்டில் யாரும் பேசவில்லை. நான் ஏழு வருஷம் ஊட்டியிலேயே படித்தேன்.

இப்போது நானே தோஹாவில் வேலை பார்க்கிறேன். நஜ்மாவில் எங்கள் கட்டடம் இருந்த இடத்தில் தகரத்தால் வேலி அடித்திருக்கிறார்கள்; குன்னூர் அண்ணன் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியவில்லை. கொரியா கம்பளியை இப்போது யாரும் சுமந்து போவதில்லை. அலுவலகத்தில் லீவுக்கு ஊட்டி போகிறவர்கள் என்ன எடுத்துப்போகலாம் என்று என்னைக் கேட்பார்கள். கனமாக ஒன்று வேண்டாம், மெல்லியதாக மூன்று, மறக்காமல் மழைக்கோட்டு என்பேன். எத்தனை டிகிரி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதுதான் எல்லோர் போனிலும் வந்துவிடுகிறதே.

வேலையை விட்டு ஊரோடு போய்விட்ட அப்பாவின் போனிலும் வருகிறது. சென்ற ஜூலையில் கூப்பிட்டார்: "அங்க நாப்பத்தாறு போட்டிருக்கே மக்களே." பின்னாலிருந்து அம்மா கத்தினாள்: "காலைலேருந்து ஃபேன் போட விட மாட்டேங்காரு. என்னன்னு கேளு!"

என் அறை ஏசி கெட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஆள் வரவில்லை. போனைப் பிடித்திருந்த கையிலிருந்து முழங்கைவரை வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"வெளியதான்பா நாப்பத்தாறு. நான் ரூம்ல இருக்கேன்."

"ரூம்ல எத்தன?"

"இருபத்திரண்டு. கம்பளி போத்திட்டுத்தான் பேசுறேன்."

போனில் சுவிட்சைத் தட்டும் சத்தமும், அந்தப் பழைய ஃபேன் கிறீச்சிட்டுச் சுற்றத் தொடங்கும் சத்தமும் கேட்டன.