சொட்டுவுக்கு வேறு குரல்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கார்ட்டூன் படத்துக்குப் போனேன். சிரிக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாத மண்டைக்கு அதுவே அதிகம் என்று நண்பர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

என்னை இழுத்துக்கொண்டு போனது பெர்சிஸ். மூன்றாம் வகுப்பு. ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் குடியிருக்கும் மொட்டைமாடி அறைக்குக் கீழ்வீடு அவளுடையது. அப்பா சாமுவேல் சார், கணக்கு வாத்தியார். அம்மா எஸ்தர் அக்கா... சென்ற மழைக்காலத்தில் டெங்குவில் இறந்துபோனார். காய்ச்சல் வந்தது, ப்ளேட்லெட் இறங்கியது, ஏற்றிப் பார்த்தார்கள், முடிந்தது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

எஸ்தர் அக்கா டப்பிங் ஆர்ட்டிஸ்ட். உங்கள் வீட்டில் குழந்தை இருந்தால் அவர் குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சாயங்காலம் டிவியில் ஒரு நீர்நாய்க் குட்டி வருமே — சொட்டு என்று பெயர், காதை மூடும் அளவுக்குத் தொப்பி? எங்கோ வெளிநாட்டில் வரைந்தது. தமிழில் பேசியது அக்கா. பொடிப் பையன் குரல் வேண்டுமென்றால் பெண்களைத்தான் கூப்பிடுவார்கள். குக்கரை இறக்கிக்கொண்டே சொட்டு மாதிரிப் பேசி, மகளை ரசம் சாதம் சாப்பிட வைத்துவிடுவார் அக்கா. மாடியில் எனக்குக் கேட்கும்.

அவர் போன பிறகு அந்த வீட்டில் டிவியை மூடியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? சார் மூடத்தான் பார்த்தார். பெர்சிஸ் விடவில்லை. சொட்டு ஓடும் நேரத்துக்கு வந்து டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். படம் வேண்டாம். குரல் போதும்.

அக்காவின் போனில் வாய்ஸ் மெசேஜ்கள் கிடக்கின்றன. எல்லாம் "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" ரகம். சிரிப்பது, பாடுவது, முறைத்துக்கொள்வது — அதெல்லாம் சொட்டுதான்.

ஒரே குறை... அத்தனையும் பழைய எபிசோடு. அவளுக்கு மனப்பாடம். அக்கா மூச்சு விடும் இடம்கூடத் தெரியும்.

அதனால்தான், சொட்டு சினிமாவாக வருகிறது என்று தெரிந்ததும் அந்தக் குழந்தை மாடிப்படியில் ஓடி வந்தது.

"அங்கிள், இது புதுக் கதையாம்! அப்போ அம்மா புதுசா பேசுவாங்கல்ல?"

நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? நான் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டேன்.

எனக்குத் தெரியும். சாருக்கும் தெரியும். டிவி கார்ட்டூன் சினிமாவாகும்போது முதலில் மாறுவது குரல்தான். போஸ்டரில் போட ஒரு பெயர் வேண்டுமே! பெரிய நடிகர் ஒருவரைப் பேசவைத்துவிட்டார்கள். அக்கா உயிரோடு இருந்தபோதே.

"சொட்டுவுக்கு மீசை முளைச்சிடுச்சு தம்பி, என் குரல் வேணாமாம்" என்று அன்றைக்கு அக்கா சிரித்தார். "க்ரவுடுக்கு வரச் சொல்லியிருக்காங்க. சும்மாதானே இருக்க, நீயும் வா."

ஓட்டலில் தட்டு கழுவியிருக்கிறேன், லாரியில் கிளீனராக ராய்ப்பூர் வரை போயிருக்கிறேன். கூட்டமாக நின்று கத்துவதும் ஒரு வேலை என்று அக்கா சொல்லித்தான் தெரியும். போனேன். அவரும் வந்தார். பல வருஷம் கதாநாயகனாகப் பேசிய அதே ஸ்டுடியோவுக்கு, கும்பலில் ஒரு குரலாக. ஏன் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. வேலை என்றால் போவோம். அவ்வளவுதான்.

"பாப்பாகிட்ட சொல்லிடுங்க சார்" என்றேன் சாமுவேல் சாரிடம்.

"எப்படிப்பா சொல்றது? எங்கம்மா படம் ரிலீஸ்னு ஸ்கூல் பூரா சொல்லி வெச்சிருக்கா."

"தியேட்டர்ல எப்படியும் தெரிஞ்சிடுமே..."

"தெரியட்டும். என் வாயால வேணாம். நீ கூட்டிட்டுப் போ தம்பி. என்னால அங்க உக்கார முடியாது."

ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு தியேட்டர். எங்கு பார்த்தாலும் அட்டைத் தொப்பி மாட்டிய குழந்தைகள். போஸ்டரில் நடிகர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பெர்சிஸ் அதைப் படிக்கவே இல்லை.

விளக்கு அணைந்தது. சொட்டு வந்தது, வாயைத் திறந்தது. கரகரவென்று ஆண்குரல். தியேட்டரில் விசில்!

பெர்சிஸ் என் கையைச் சுரண்டினாள். "அங்கிள், ஸ்பீக்கர் ரிப்பேரா?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டு வாய் திறக்கும்போதெல்லாம் அவள் முன்னால் சாய்ந்தாள். பேசியதும் பின்னால் சாய்ந்தாள். பாதிப் படமும் இப்படியே போனது.

இடைவேளையில் சொன்னேன். பாப்கார்ன் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொன்னேன். கெட்ட செய்தி சொல்ல நமக்கெல்லாம் ஒரு பொட்டலம் தேவைப்படுகிறது.

"பாப்பா... இதுல சொட்டுவுக்கு அம்மா பேசல. வேற ஆளு."

ஒரு பாப்கார்னை எடுத்தாள், திரும்பப் பொட்டலத்திலேயே போட்டாள்.

"அம்மா செத்துப்போனதாலயா?"

அதற்கு முன்பே மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆமா."

"அப்போ பாவம், அவங்கதான் என்ன பண்ணுவாங்க" என்றாள்.

படக் கம்பெனிக்கு நான் வாங்கிக் கொடுத்த மன்னிப்பு அது. அவர்கள் கேட்கவே இல்லை.

"வீட்டுக்குப் போலாமா?"

"வேணாம் அங்கிள். ஸ்கூல்ல கதை கேப்பாங்க."

உள்ளே போனோம்.

டிவியில் சொட்டுவின் தொப்பி தொலையும், பத்து நிமிஷத்தில் கிடைத்துவிடும். அதிலேயே குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கிவிடும். சினிமாவுக்கு அது பத்தாது. அணை உடைந்தாக வேண்டும். குடும்பத்தோடு பார்க்கும் படமென்றால் ஒரு குடும்பமாவது சாகக் கிடக்க வேண்டும் என்று யார்தான் இவர்களுக்குச் சொல்லித்தந்தார்களோ! மழைக்கு மழை மூழ்கும் முடிச்சூர் பக்கம் இருப்பவர்கள் வெள்ளம் பார்க்கத் தியேட்டருக்கு வரத் தேவையே இல்லை.

அந்த வெள்ளத்துக்குத்தான் நாங்கள் கத்தினோம். நான், அக்கா, இன்னும் கொஞ்சம் பேர், ஒரே மைக்கைச் சுற்றி. க்ரவுடுக்கு வசனம் கிடையாது. யாரும் எழுதித் தரமாட்டார்கள். "தண்ணி வந்துகினு கீது, புள்ளைங்களக் காணோம், தேடுறீங்க" என்றார் எங்களை மேய்த்தவர். ஒருமுறை கத்தினோம். அவருக்குத் திருப்தி இல்லை. "இன்னாய்யா செத்தவன் மாதிரி நிக்கிறீங்க? சாவப் போறவன் மாதிரி கத்துங்க!"

கத்தினோம். அவரவர் வாய்க்கு வந்ததை. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் என்ன கத்துகிறார் என்று யார் கவனிப்பது? அப்புறம் டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறினோம்.

திரையில் அணை உடைந்தது. நீர்நாய்கள் சிதறி ஓடின. ஒரே கூச்சல், அழுகை... நான் என் குரலைத் தேடினேன். கிடைக்கவில்லை. கும்பலுக்கு நடுவிலிருந்து, தெளிவாக —

"பெர்சி! எங்கடி இருக்க? மேல ஏறு! பெர்சீ... மேல ஏறுடி!"

எஸ்தர் அக்கா.

பிள்ளையைத் தேடிக் கத்து என்றால் ஒரு தாயின் வாயில் வேறு எந்தப் பெயர் வரும்? டிவியில் அக்கா பேசியதெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்தது. இது மட்டும்தான் அவருடைய சொந்தப் பேச்சு. தியேட்டரில் இருந்த வேறு யாருக்கும் அது ஒரு வார்த்தையாகக்கூடக் கேட்டிருக்காது. வெள்ளச் சத்தத்தில் ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தேன்.

பாப்கார்ன் தரையில் கொட்டிக் கிடந்தது. பெர்சிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. சொன்ன சொல் கேட்கும் பிள்ளையின் முகம்.

"இன்னா சார், பாப்பாவ உக்கார வை" என்றார் பின்சீட்டுக்காரர். "ஒண்ணியும் தெரியல."

"ரெண்டு நிமிஷம் பொறுங்க அண்ணா. தண்ணி வடியட்டும்."

படத்தில் வெள்ளம் ஒரே பாட்டோடு வடிந்துவிட்டது. பெர்சிஸ் இறங்கவில்லை.