எட்டரை மணிக்குக் கிளம்பிய ஜீப்புகள்

எம்.பி. தேர்தலில் தோற்ற மறுநாள், விடியுமுன்பே பிரசிடென்ட்டம்மா எங்கள் ஜீப் ஸ்டாண்டில் வந்து நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. எங்கள் பஞ்சாயத்துத் தலைவராகப் பத்து வருடம் இருந்தவர். நான் கம்பத்துப் பக்கத்திலிருந்து கூலிப் பெண்களைக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏற்றிப்போகும் டிரைவர். அவர் முன்சீட்டை விட்டுவிட்டுப் பின்னால் பெண்களோடு நெருக்கி உட்கார்ந்து, "எனக்கு ஏன்டி ஓட்டுப் போடல?" என்று நேராகவே கேட்டார்.

"நாங்க அஞ்சு மணிக்கே மலையேறிர்றோம். பூத்தை ஏழு மணிக்குத்தான தொறக்குறாக? எறங்கி வாரதுக்குள்ள சீல் வச்சுர்றாகளே" என்றாள் ஒருத்தி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நீங்க பகல்ல தெருத்தெருவா மைக் பிடிச்சீக. அங்கன ஆடும் கோழியுந்தான இருந்துச்சு?" என்றேன். ஜீப் அதிரச் சிரித்தார். தோற்ற மறுநாள் அப்படிச் சிரிக்க நெஞ்சுரம் வேண்டும்.

அடுத்த தேர்தலில் அவருக்கு மேடையே ஜீப்தான். தினமும் ஒரு வண்டியில் செக்போஸ்ட் வரை போய், பஸ்ஸில் திரும்புவார். நமக்கு ஓட்டு நாள் என்றாலும் எல்லைக்கு அப்பால் அது வேலை நாள். தோட்டம் தோட்டமாக ஏறி, தனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில், "சேட்டா, ஒரு திவசம் மதி" என்று, அந்த ஒரு நாள் மட்டும் பெண்கள் தாமதமாக வர அனுமதி கேட்டார். தோட்டக்காரர்களில் பாதிப் பேர் சம்மதித்தார்கள். மீதிப் பேர், தாமதமாக வந்தால் திருப்பி அனுப்புவோம் என்றார்கள்.

எங்களிடம், "ஏலே, ஒருத்தரையும் பூத்துக்கு வண்டியில ஏத்தக் கூடாது, கேஸாயிரும். ஓட்டுப் போட்டு வந்தவுகள ஏத்திக்கிட்டு எட்டரைக்கு மலைக்கு வண்டியை எடுங்க, போதும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றைய கூலி போனாலும் போகட்டும் என்று யார் வருவார்கள்? எனக்கு நம்பிக்கையே இல்லை. ஓட்டு நாளன்று காலை ஆறரை மணிக்கு, பூத் இருந்த பள்ளிக்கூட வாசலைப் பார்த்தேன். சேலைமேல் ஆண் சட்டையும் கையில் தூக்குவாளியுமாக, வரிசை தெருமுனை தாண்டி நின்றது. எட்டரைக்கு, விரலில் மையோடு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு வண்டியை எடுத்தேன்.

ஜெயித்தார்; அதுவும் எப்படி! எதிரணிக்காரர்கள் மதியமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டு எண்ணும் இடத்திலிருந்து நடையைக் கட்டினார்கள்.

டெல்லிப் பார்லிமென்ட்டில் அவர் முதன்முதலாகப் பேசிய சாயங்காலம் நாங்கள் மலை இறங்கிக்கொண்டிருந்தோம். போனில் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்; அடுத்த வளைவில் சிக்னல் போய்விடும் என்று வண்டியை ஓரங்கட்டினேன். கூலிக்குப் போகிறவர்களுக்கு ஓட்டு நாளில் எல்லை தாண்டியும் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று தமிழிலேயே கேட்டார். "என்னை இங்கே அனுப்பிய பெண்கள் இந்நேரம் ஜீப்பில் மலை இறங்கிக்கொண்டிருப்பார்கள்" என்றார்.

"ஆமாத்தா, இங்கனதான் இருக்கோம்!" என்று வண்டியே போனைப் பார்த்துக் கத்தியது. கம்பம் வந்து சேரும் வரை நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.